யூசுப் பாயின் பாதி மில்

பொறியியல் பொருளாதாரப் பாடத்தைப் புது ஆசிரியரான உங்கள் தலையில் கட்டும்போது துறைத் தலைவர் ஒரு சமாதானம் சொல்வார். "நாலு சூத்திரம், ரெண்டு அட்டவணை. பசங்க எல்லாரும் பாஸ் பண்ணிடுவாங்க" என்பார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஓர் இயந்திரம் வாங்கினால் வருடாவருடம் என்ன வரும், நாளை வரப்போகிற ரூபாய் இன்றைக்கு எத்தனை காசு பெறும், போட்ட பணம் எப்போது திரும்பும் என்றெல்லாம் கணக்கிடச் சொல்லிக்கொடுக்க ஒரு பருவம் தாராளம். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பாடநூலில் இருக்கிறது, என்னைவிட நன்றாகவே இருக்கிறது.

கணக்கு முடிந்த பிறகு, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் "சரி, வாங்கலாமா வாணாமா?" என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்பது பாடநூலில் இல்லை. அந்தக் கேள்வி முதன்முதலில் என் முன்னால் வந்து நின்ற இடம் செஞ்சி.

எண்பதுகளின் நடுப்பகுதி. மின்வாரியத்தில் இருந்த என் கணவருக்குச் செஞ்சிக்கு மாற்றல் வந்தது. சென்னையில் ஒரு தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நானும் வந்தேன். ஊருக்கு வெளியே சில வருடங்களுக்கு முன்புதான் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கியிருந்தார்கள். வகுப்பறைகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பாறை மலைகளின் சூடும் கூரையின் சூடும் சேர்ந்து இறங்கும். அந்த நேரத்தில்தான் எனக்கு வகுப்பு.

பாடநூலில் "ஒரு நிறுவனம் ஒரு கடைசல் இயந்திரம் வாங்க எண்ணுகிறது" என்று தொடங்கும் கணக்குகள் இருந்தன. மாணவர்கள் அவற்றை மளமளவென்று போட்டுவிடுவார்கள். விடை நட்டம் என்று வந்தாலும் லாபம் என்று வந்தாலும் முகத்தில் ஒன்றும் மாறாது. எந்த நிறுவனம், யாருடைய பணம் என்று அவர்களுக்குத் தெரியாதே! அதனால் இறுதியாண்டு மாணவர்களிடம், இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, உண்மையிலேயே ஏதோ ஒன்றை வாங்கப்போகிற ஒருவரைத் தேடிப் பிடித்து அவருக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். டிராக்டர், பம்புசெட், அச்சு மிஷின் என்று எல்லாம் வந்தன. அன்வரும் ஜெசிந்தாவும் ஒரு ரைஸ் மில்லோடு வந்தார்கள்.

மில் அன்வரின் அப்பா யூசுப் பாயுடையது. பல தலைமுறையாகச் செஞ்சியிலேயே வியாபாரம் செய்கிற குடும்பம். உமி நீக்கும் பழைய ஹல்லர் மிஷினில், விவசாயிகள் கொண்டுவரும் நெல்லைக் கூலிக்கு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரிசி பாதி நொய்யாகிவிடும். அவருக்கு ரப்பர் உருளை வைத்த புது மில் போட ஆசை. நெல் அவிக்க பாய்லர், காயவைக்க டிரையர் என்று முழு செட். வீட்டையும் மில் இடத்தையும் அடமானம் வைத்து பேங்க் கடன். கையிலிருந்து போட வேண்டிய பங்குக்கு, மகள் நூர்ஜஹானின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம்.

அன்வர் அழகாகக் கணக்குப் போட்டிருந்தான். வரப்போகிற வருமானத்தின் நிகழ்கால மதிப்பிலிருந்து போடும் பணத்தைக் கழித்தால், விடை பூஜ்யத்துக்கு நன்றாகவே மேலே நின்றது. "தாராளமாக வாங்கலாம்" என்று வகுப்பில் வாசித்து முடித்தான். அவனுடைய கூட்டாளி ஜெசிந்தா எழுந்தாள். அனந்தபுரம் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். விவசாயக் குடும்பம், மாதா கோயில் பாதிரியார் சிபாரிசில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்?"

"வருஷம் பூரா மில்லு ஓடுதுன்னு போட்டிருக்கான். வருஷம் பூரா நெல்லு எங்க இருந்து வரும்?"

"மார்க்கெட்டுக்கு வந்து பாரு," என்றான் அன்வர். "லாரி நிக்க எடமில்ல."

"இப்ப நிக்குது. கெணறு வத்திப்போச்சுன்னா? எங்க நைனா ரெண்டாம் போகம் வெச்சே எத்தினி வருஷம் ஆவுது தெரியுமா?"

"இது எங்க அத்தா குடுத்த கணக்கு. மில்லு நடத்துறவருக்குத் தெரியாதா?"

அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். எல்லாமே நல்ல வருடங்கள். படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று உயர்ந்துகொண்டே போனது. மழையை நம்பியிருக்கிற ஊரில் எதுவும் படிக்கட்டாக ஏறாது. "இதுக்கு முன்னாடி வருஷங்கள் எங்கே?" என்று கேட்டேன். "அத்தா சொன்னது இவ்வளவுதான் மேடம்" என்றான்.

நெல் வரத்தைப் பாதியாகக் குறைத்து அங்கேயே கரும்பலகையில் மறுபடி போடச் சொன்னேன். போட்டான். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனது. வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசல் இயந்திரம் ஒருநாளும் அவர்களை அப்படி அமைதியாக்கியதில்லை.

இதை உங்களுக்காகக் குறித்து வைக்கிறேன். யூசுப் பாய் மகனிடம் பொய் சொல்லவில்லை. வாங்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்ட மனிதருக்கு நல்ல வருடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். உங்களிடம் வருகிற எண்கள் யாருடைய வாயிலிருந்து வந்தன, அவருக்கு என்ன ஆசை என்று கேட்காமல் கூட்டிக் கழிக்க ஆரம்பிக்காதீர்கள்.

அந்த வாரமே அன்வர் ஆசிரியர் அறைக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், சனிக்கிழமை மெட்ராஸ்லருந்து மிஷின் ஏஜெண்ட் வர்றாரு. அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தாதான் பழைய விலையாம். அத்தா குடுக்கப் போறாரு."

"ரெண்டாவது கணக்கைச் சொன்னியா?"

"சொன்னேன். கூடப் படிக்கிற பொண்ணு ஏதோ பயந்து சொல்லுதுன்னுட்டாரு. மேடம், இன்னொண்ணு... காலேஜே கணக்குப் போட்டு வாங்கலாம்னு சொல்லிடிச்சுன்னு பேங்க்ல சொல்லியிருக்காரு. உங்களையும் சனிக்கிழமை கூட்டிட்டு வரச் சொன்னாரு."

வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் போட்ட பயிற்சி, கல்லூரியின் சான்றிதழாகிவிட்டது. ஒரு குடும்பத்தின் வீடு அதன்மேல் உட்காரப்போகிறது. நேரே முதல்வரிடம் போனேன். அரசுப் பணியில் பாலங்கள் கட்டி ஓய்வுபெற்று வந்தவர். அதிகம் பேசமாட்டார்.

"போகாதீங்கம்மா" என்றார். "வாங்கச் சொல்லி நட்டமானா காலேஜ் பேரு போகும். வேணாம்னு சொல்லி, பக்கத்து மில்காரன் வாங்கிச் சம்பாதிச்சாலும் காலேஜ் பேருதான் போகும்."

"போகலைன்னா காலேஜ் வாங்கச் சொன்னதா ஆயிடுமே சார். ஏற்கெனவே பேங்க்ல சொல்லிட்டாரு."

பேனாவை மூடித் திறந்து மூடினார். "அப்ப போங்க. ஆனா ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆமாவும் இல்லையும் இல்லாமல் எதற்காகப் போவது? இரண்டு நாளும் அதையே மென்றுகொண்டிருந்தேன். நான் "வாங்காதீர்கள்" என்று சொன்னால் அவர் கேட்டுக்கொள்ளக்கூடும். ஆனால் எதன் பேரில் சொல்வது? நெல் வரத்தைப் பாதி என்று நான் வைத்தது ஓர் ஊகம். முழு வரத்து என்று அவர் வைத்ததும் ஊகம். என் ஊகத்துக்குப் பின்னால் ஒரு படிப்பு இருக்கிறது என்பதால் மட்டும் அது மழையாகிவிடாது.

சனிக்கிழமை மத்தியானம் மாணவர்கள் இருவரோடும் மில்லுக்குப் போனேன். மிஷினை நிறுத்தியிருந்தார்கள். தவிட்டு வாசனை, எல்லாவற்றின்மேலும் வெளிர் மஞ்சளாகத் தூசி. ஏஜெண்ட் சஃபாரி சூட்டில், வழவழப்பான படப் புத்தகத்தை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். யூசுப் பாய் நல்ல ஆகிருதி, கணீர்க் குரல். டீ வரவழைத்தார், சமோசா வரவழைத்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னா சொல்றீங்க டீச்சரம்மா? ஒரே வார்த்தை. வாங்கலாமா, வாணாமா?"

அதேதான். பாடநூலில் பதில் இல்லாத கேள்வி.

"பாய், நான் வார்த்தை சொல்ல வரல. ஒரு கேள்வி இருக்குது. அதை உங்க புள்ளையே கேக்கட்டும்" என்றேன்.

அப்படிச் சொல்வேன் என்று அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது. அன்வர் என்னைப் பார்த்தான். என்ன கேள்வி என்று நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்று நம்பினேன். அவன் அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"அத்தா, நம்ம மில்லு ரொம்ப மோசமா ஓடின வருஷம் எது?"

பாய் சிரித்தார். ஏஜெண்டைப் பார்த்தார். "நல்ல காரியம் பேசும்போது அதெல்லாம் எதுக்குடா?"

ஜெசிந்தாதான் மெதுவாகச் சொன்னாள். "நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கசொல்ல ஒரு வருஷம் எங்க ஊருல வெதைக்கவே இல்ல பாய். மாட்டையெல்லாம் வித்துட்டாங்க."

"எந்த ஊரும்மா நீ?"

சொன்னாள். பாயின் முகம் மாறியது.

"அந்தப் பக்கத்துலருந்துதான் எனக்கு வண்டி வண்டியா நெல்லு வரும். அந்த வருஷம் ஒரு வண்டி வரல" என்றார். பிறகு மகனைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னார். "மில்ல பூட்டிட்டு மெட்ராசுக்குப் போயிட்டேன். மண்ணடியில ஒரு மண்டியில மூட்டைக் கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தேன். மழை பேஞ்சப்புறந்தான் வந்தேன்."

"நீங்க யாவாரத்துக்குப் போனதா அம்மா சொல்லிச்சு" என்றான் அன்வர்.

"சம்பளத்துக்குப் போனேன்டா."

அன்வரின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதை அவன் துடைக்கவில்லை. பாய் என் பக்கம் திரும்பி, சமாதானம் சொல்வதுபோல, "அது ஒண்ணும் கஷ்டமில்ல டீச்சரம்மா. அப்ப கடன் கிடையாது. அதனால பூட்டிட்டுப் போவ முடிஞ்சிது" என்றார்.

சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் விளக்கம் சொல்லத் துடிக்கும் ஆசிரியப் புத்தி நமக்கெல்லாம் உண்டு. அதை அடக்குங்கள்.

ஏஜெண்ட் குறுக்கிட்டார். "பாய், அது அந்தக் காலம். இப்பதான் ஊரெல்லாம் பம்புசெட்டு வந்துடுச்சே. இன்னைக்கு விட்டீங்கன்னா விலை ஏறிடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"இதுல பாதி மட்டும் வாங்குனா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"இது என்ன கத்திரிக்காயாம்மா, அரைக் கிலோ வாங்க?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ரப்பர் உருளையும் சல்லடையும் மட்டும் தனியாகத் தருவீர்களா என்று நான் கேட்டேன். இழுத்து இழுத்து, தருவோம் என்றார். ஆனால் தனி விலை. பாய்லரும் டிரையரும் பிறகு வாங்கினால் அன்றைய விலை. லாரிக் கூலி இரண்டு தடவை, பொருத்தும் கூலி இரண்டு தடவை. "மொத்தமா பாத்தா ரொம்ப நட்டம் மேடம். உங்க பாடத்துல இதைச் சொல்லித்தரலையா?"

சொல்லித்தந்திருந்தேன். அன்வர் அந்தப் படப் புத்தகத்தையே திருப்பிப் போட்டு, பின் அட்டையில் கணக்குப் போட ஆரம்பித்தான். ஜெசிந்தா பக்கத்தில் நின்று சரிபார்த்தாள். வகுப்பில் சண்டை போட்ட இரண்டு பேரும் முணுமுணுவென்று ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முழுசா வாங்குனா மொத்தத்துல விலை கம்மிதான் அத்தா" என்றான் கடைசியில். "மழை நல்லா பேஞ்சா வருமானமும் அதுலதான் அதிகம். பாதி பாதியா வாங்குனா கூடக் குடுக்கணும்."

"அப்ப அவரு சொல்றது சரிதான?"

"சரிதான். ஆனா மழை பொய்ச்சா, பாதிக்கு வாங்குன கடனை மில்லு அரை நாளு ஓடினாக்கூடக் கட்டிடலாம். அதுக்கு மில் எடத்தை மட்டும் எழுதிக் குடுத்தா போதும், வீடு வாணாம். நூர்ஜஹான் கல்யாணக் காசையும் தொட வாணாம்."

"நீதானேடா முழு செட்டு வேணும்னு குதிச்ச?"

"ஆமா அத்தா."

பாய் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "அஸர் நேரமாச்சு. தொழுதுட்டு வந்து சொல்றேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

அவர் திரும்பி வரும்வரை இருந்த நேரம் என் பணிக்காலத்தின் நீளமான நேரங்களில் ஒன்று. அவர் முழு செட்டுக்கே பணம் கொடுத்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒன்றும் செய்திருக்க மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, பணம் அவருடையது. ஏஜெண்ட் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பெரிய ஆர்டரைக் கெடுத்துட்டீங்க மேடம்" என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகமாக இருந்தது. காலையில் மெட்ராஸில் பஸ் ஏறி அந்த வெயிலில் வந்தவர். அவருக்கும் மேலே யாரோ கேள்வி கேட்க இருந்தார்கள். மிச்சமிருந்த சமோசாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பாய் வந்தார். தொப்பியை மடித்துப் பையில் வைத்தார்.

"பாதி குடுங்க சார். மீதி வேணும்னா நானே மெட்ராஸ் வந்து வாங்கிக்கிறேன். அன்னைக்கு இன்னா விலையோ, அதைக் குடுத்துட்டுப் போறேன்."

ஏஜெண்ட் ஒரு நொடி யோசித்தார். பாதி ஆர்டரும் ஆர்டர்தான் என்று ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அன்வர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்லூரிக்குத் திரும்பும் வழியில் ஜெசிந்தா, "இப்ப கையெழுத்துப் போடறேன் மேடம்" என்றாள்.

திங்கட்கிழமை முதல்வரிடம் நடந்ததைச் சொன்னேன். "ஆமா சொல்லல, இல்லையும் சொல்லல, கேட்டுட்டு மட்டும் வந்திருக்கீங்க" என்று சிரித்தார். அப்போதுதான் அவர் என் வாயைக் கட்டி அனுப்பியதில் இருந்த நன்மை எனக்கு உறைத்தது. பதில் கையில் இருந்திருந்தால் நான் கேள்வி கேட்டிருக்கவே மாட்டேன்.

அடுத்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. கிணறுகள் தரை தட்டின. மார்க்கெட்டில் மூட்டைகள் குறைந்தன.

இந்த இடத்தில் "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதுதான் நடந்தது" என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கப்போகிறவர்கள். முழுவதையும் சொல்ல வேண்டும். அவலூர்பேட்டைப் பக்கம் இன்னொரு மில்காரர் அதே முழு செட்டை வாங்கினார். அவர் மூழ்கவில்லை. உரக்கடையும் லாரியும் வைத்திருந்தவர். வறண்ட வருடத்தை அவற்றைக் கொண்டு கடந்தார். மழை திரும்பியதும் நன்றாகவே சம்பாதித்தார். யூசுப் பாய் பாய்லர் வாங்க மேலும் சில வருடங்கள் ஆயின. ஏஜெண்ட் எச்சரித்தபடியே விலை ஏறியிருந்தது. மழை பெய்திருந்தால், பாதி மில் வாங்கச் செய்து எங்கள் குடும்பத்தைக் கட்டிப்போட்டவள் என்று அன்வர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அப்போதும் அது சரியான முடிவுதான். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து, அந்தக் குடும்பம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்த்து எடுத்த முடிவு. ஒரே இயந்திரம், ஒரே விலை, ஒரே மழை. அவருக்குச் சரி, இவருக்குச் சரியில்லை. சூத்திரத்தில் வாங்குகிறவர் யார் என்பதற்கு எழுத்து எதுவும் கிடையாது. அதை நீங்கள்தான் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும்.

ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது. அந்த வறண்ட வருடத்தில் எனக்கு இருந்தது பயம் மட்டுமே. பாதிக் கடனாக இருந்தாலும் கடன்தானே? பஸ் மில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் மிஷின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. இறங்கிப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கோடை முடியும் சமயத்தில் ஒருநாள் பாயே பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டார். டீ குடிக்காமல் போகக்கூடாது என்று அழைத்துப் போனார். மில் வாசலில், வேப்பமர நிழலில் நாற்காலிகள் போட்டிருந்தார். காலையில் மட்டும்தான் மிஷின் ஓடுகிறது என்றார். அன்வர் நெல் தேடி சேத்துப்பட்டு வரை போயிருக்கிறானாம். இன்னும் இரண்டு மாதத்தில் நூர்ஜஹானுக்குக் கல்யாணம், கட்டாயம் வர வேண்டும் என்றார். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"கடன் எப்படி பாய்?"

"கட்டிக்கிட்டுதான் இருக்குது. இளுத்துப் புடிச்சிதான் கட்டறோம், ஆனா தவறல." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "இந்த வருஷம் பேங்க் ஜீப்பு தெனமும் இந்த ரோட்டுல போவுது டீச்சரம்மா. வசூலுக்கு. மொதல்ல சத்தம் கேட்டா உள்ள ஓடிப் பூந்துக்கலாம்னு காலு துடிச்சிது. அப்புறம்தான் நெனப்பு வந்துச்சு, நாம எதுக்கு ஓடணும்? இப்ப வாசல்லயே நாற்காலி போட்டு ஒக்காந்து வேடிக்கை பாக்கறேன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வளைவில் ஜீப் வந்தது. மில்லை நெருங்கும்போது வேகம் குறைந்தது. என் கையில் டீ தம்ளர் அப்படியே நின்றது. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஆட்டு மந்தைக்காகத்தான் குறைந்திருக்கிறது. கடைசி ஆடு ஓரம் போனதும், உள்ளே உட்கார்ந்திருந்தவர் பாயைப் பார்த்துக் கையசைத்தார். பாயும் தம்ளரைப் பிடித்த கையாலேயே ஒரு சலாம் வைத்தார். ஜீப் நிற்காமல் திருவண்ணாமலைப் பக்கம் போயிற்று.